வளரிளம் பிள்ளைகளிடம் உடல், காதல், பாலியல் நலம் பற்றிப் பேசுவது எப்படி? பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு பெண் பூப்பெய்தினால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அது தெருவுக்கே தெரிந்த செய்தியாகிவிடுகிறது. தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு வருகிறார், மண்டப வாசலில் சிறுமியின் படத்தோடு பேனர் நிற்கிறது, ஒலிபெருக்கியில் பாட்டு ஓடுகிறது. ஆனால் பட்டுப்புடவை சுற்றி மேடையில் உட்காரவைக்கப்பட்ட அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம், அவள் உடம்பில் என்ன நடந்திருக்கிறது, அது ஏன் மாதந்தோறும் நடக்கும், எப்போது அஞ்ச வேண்டும், எப்போது அஞ்ச வேண்டியதில்லை என்று பொறுமையாக விளக்கியவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராவது இருப்பாரா என்பது சந்தேகம்தான். பையன்களுக்கோ சடங்கும் இல்லை, விளக்கமும் இல்லை. குரல் உடைந்ததைக் கேலி செய்வதோடு வீட்டின் பங்கு முடிந்துவிடுகிறது.

பள்ளி பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, எதிர்ப்பு கிளம்பியதும் 2007இல் பல மாநிலங்கள் நிறுத்திவைத்தன. தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவம் பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. ஆனால் "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் பக்கத்தைத் தள்ளிவிடும் வகுப்பறைகள் குறைவல்ல.

பேசினால் பிள்ளைகளுக்கு ஆர்வம் தூண்டப்பட்டுவிடும் என்பதே பெற்றோரின் முதல் அச்சம். யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டுதல், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, முறையான பாலியல் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் ஈடுபடுவதில்லை என்கிறது. பல இடங்களில் அது தள்ளிப்போகவே செய்திருக்கிறது. இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படிக்கும் அளவுகோல் ஒன்றுதான். நாளை பிள்ளைக்கு ஒரு சிக்கல் வந்தால், அந்தச் செய்தி முதலில் வீட்டுக்கு வருமா, வேறு எங்காவது போகுமா? நீங்கள் பேசும் பேச்சு அதை வீட்டை நோக்கி இழுத்தால் அது நல்ல பேச்சு.

முதல் படி: பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொள்வது

பிள்ளையிடம் போவதற்கு முன்பு கணவனும் மனைவியும் தனியாக ஒருமுறை உட்கார வேண்டும். யார் எதைப் பேசுவது, கேள்வி வந்தால் எப்படிப் பதில் சொல்வது, பாட்டியோ அத்தையோ குறுக்கிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளாவிட்டால், அம்மா ஒன்று சொல்ல, அப்பா அதையே அதட்டி மறுக்க, பிள்ளை இருவரிடமும் வாயை மூடிக்கொள்ளும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயோ தந்தையோ என்றால், நம்பிக்கையான சித்தி, மாமா, குடும்ப மருத்துவர் என ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, வாய் பழக வேண்டும். ஆண்குறி, விதைப்பை, பெண்ணுறுப்பு, மாதவிடாய், விந்து, உடலுறவு, ஆணுறை ஆகிய சொற்களைத் தயக்கமில்லாமல் உரக்கச் சொல்லிப் பாருங்கள். இதைப் படிக்கும்போதே கூச்சமாக இருந்தால், பிள்ளைக்கு முன்னால் இன்னும் கூச்சமாக இருக்கும். "அங்கே", "அது", "அந்த இடம்" என்று சுற்றிவளைத்தே பேசிப் பழகிய பிள்ளைக்கு, வலி வந்தாலும் யாராவது தொட்டாலும் எதைக் காட்டிச் சொல்வது என்று தெரியாமல் போகிறது.

பெற்றோர் அதிகம் குழப்பிக்கொள்வது வேறொன்றை. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவை மூன்று வகை: உடலியல் உண்மை, நாட்டின் சட்டம், உங்கள் குடும்பத்தின் விருப்பம். இவற்றைக் கலக்காமல் சொல்ல வேண்டும். "படிப்பு முடியும்வரை காதல் வேண்டாம் என்பது எங்கள் விருப்பம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதையே "பையன்களோடு பழகினால் வயிற்றில் பிள்ளை வந்துவிடும்" என்று உடலியல் போல மிரட்டிச் சொன்னால், இணையத்தில் இரண்டு நிமிடம் தேடியதும் அந்த மிரட்டல் பொய்யென்று பிள்ளை தெரிந்துகொள்ளும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகளும் அதே கணக்கில்தான் எழுதப்படும்.

இரண்டாம் படி: காலமும் இடமும்

பெண்களுக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு. ஆகவே மாதவிடாய், தூக்கத்தில் விந்து வெளியேறுதல் இவற்றைப் பற்றிய பேச்சு நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கியாக வேண்டும். நிகழ்ந்த பிறகு சொல்வது ஆறுதலாக இருக்கலாம், ஆனால் அதற்குள் பிள்ளை ஒரு நாள் முழுவதும் தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டதென்று நடுங்கி முடித்திருக்கும்.

ஒரே நாளில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட முயல வேண்டாம். ஐந்து நிமிடப் பேச்சு, பத்து நாள் இடைவெளி, மறுபடி ஐந்து நிமிடம் என்று போவதே நல்லது. எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவதைவிட, ஸ்கூட்டரில் போகும்போது, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, கீரை ஆயும்போது பேசுவது இரு தரப்புக்கும் எளிது. மேலே சொன்ன எட்டாம் வகுப்புப் பாடமே நல்ல தொடக்கம்: "இந்தப் பாடத்தை உங்க மிஸ் நடத்துனாங்களா? என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் போதும், பேச்சு தானாக நகரும். தொலைக்காட்சிச் செய்தி, உறவுக்காரர் வீட்டுத் திருமணம், பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தை எல்லாமே வாய்ப்புகள்தான். விருந்தாளிகள் இருக்கும்போதோ, தம்பி தங்கையர் முன்னிலையிலோ, மதிப்பெண் குறைந்த நாளிலோ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: மகளுக்கு உடலைப் பற்றிச் சொல்வது

முதல் மாதவிடாய்க்கு முன்பே இவ்வளவு சொல்லிவைத்தால் போதும்: "இன்னும் ஒரு வருஷத்துலயோ ரெண்டு வருஷத்துலயோ உனக்கு பீரியட்ஸ் வரும். ஸ்கூல்ல வந்தாலும் பயப்படாதே. பையில இந்தப் பவுச்சுல ரெண்டு பேடும் ஒரு ஜட்டியும் வெச்சிருக்கேன். டீச்சர்கிட்ட சொல்லிட்டுப் போய் மாத்திக்கோ, எனக்குப் போன் பண்ணச் சொல்லு." பேடை எப்படி ஒட்டுவது, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படி மாற்றுவது, பயன்படுத்தியதை எப்படிச் சுற்றிப் போடுவது என்பதைக் கையில் எடுத்துச் செய்து காட்ட வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் சுழற்சி சீராக இருக்காது. 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். இது தெரியாமல் "நீர்க்கட்டி வந்துவிட்டது" என்று பதறி ஸ்கேன் மையத்துக்கு ஓடும் பெற்றோர் இப்போது அதிகமாகிவிட்டார்கள். 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காதிருந்தாலும், 15 வயதாகியும் மாதவிடாய் வராதிருந்தாலும், ஏழு நாளுக்கு மேல் இரத்தப்போக்கு நீடித்தாலும், ஒரு பேட் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நனைந்துபோனாலும், வலியால் மாதந்தோறும் பள்ளிக்குப் போக முடியாமல் போனாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் தனித் தட்டு, தனிப் பாய், சமையலறைக்குள் வராதே என்னும் வழக்கங்கள் அவள் மனத்தில் பதிப்பது ஒரே பாடத்தைத்தான்: இந்த உடம்பைப் பற்றி வெளியில் பேசக் கூடாது. அந்தப் பாடத்தைக் கற்ற சிறுமி, பின்னாளில் ஒருவன் அவளிடம் தவறாக நடந்தாலும் பேசமாட்டாள். சடங்கு செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம். ஊர் முழுக்கப் பத்திரிகை கொடுப்பதற்கு முன்பு அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டில் பேட் எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், மருந்துக்கடையில் செய்தித்தாள் சுற்றாமல் வாங்கிவரவும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: மகனுக்கு உடலைப் பற்றிச் சொல்வது

இந்தப் படியைத்தான் பெரும்பாலான வீடுகள் தாண்டிப்போய்விடுகின்றன. ஆணுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று அப்பா நினைக்கிறார். மகனிடம் எப்படிப் பேசுவது என்று அம்மா ஒதுங்குகிறார். அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்துகொள்பவர்கள், பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் போஸ்டர் ஒட்டும் லாட்ஜ் வைத்தியர்கள். "இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்கும் அந்தப் போஸ்டரைப் படிக்காத தமிழ்ப் பையன் இருக்க முடியாது. மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர் இன்ன லாட்ஜ் என்று அட்டவணை போட்டு, ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு இரத்தத்துக்குச் சமம் என்று கணக்குச் சொல்லி, ஆயிரக்கணக்கில் பணம் பறிப்பவர்கள் இவர்கள். விந்து வெளியேறுவதால் உடல் தேய்ந்துவிட்டது என்னும் இந்த அச்சம், சோர்வும் பதற்றமும் மன உளைச்சலுமாக முற்றுவதை நம் நாட்டு மனநல மருத்துவம் தனியாகவே அடையாளம் கண்டிருக்கிறது, மருத்துவர் என். என். விக் 1960இல் அதற்குத் 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டார். விந்தால் வரும் நோயல்ல அது, அச்சத்தால் வருவது.

ஆகவே அப்பா சொல்ல வேண்டியது இது: "ராத்திரி தூக்கத்துல ஜட்டி நனைஞ்சிருந்தா அது நோய் இல்லடா. உன் வயசுல எனக்கும் வந்துச்சு. எழுந்து மாத்திட்டு வாளியில போட்டுடு, யாரும் எதுவும் கேக்க மாட்டோம்." சுய இன்பத்தைப் பற்றியும் இதே தொனியில் சொல்லலாம். அதனால் கண் பார்வை குறையாது, உயரம் நிற்காது, முகப்பரு வராது, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. அது தனியறைக்குரியது, படிப்பையும் தூக்கத்தையும் விழுங்கும் அளவுக்குப் போனால் மட்டுமே கவனிக்க வேண்டியது. பருவ வயதில் ஏராளமான பையன்களுக்கு மார்பு சற்று வீங்கி, இரண்டு ஆண்டுகளுக்குள் தானாக வற்றிவிடும் என்பதையும் சொல்லிவையுங்கள். அதற்காகச் சட்டையைக் கழற்ற மறுத்து, நீச்சலுக்கும் விளையாட்டுக்கும் போகாமல் ஒதுங்கும் பையன்கள் உண்டு. 14 வயதாகியும் விதைகள் வளரத் தொடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு செய்தியை மட்டும் கூச்சம் பார்க்காமல் இன்றே சொல்லிவிடுங்கள். விதையில் திடீரெனக் கடும் வலி வந்தால், நடு இரவானாலும் எழுப்பிச் சொல்ல வேண்டும். விதை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைப்படும் நிலை வளரிளம் பருவத்தில்தான் அதிகம் வருகிறது. வாந்தியும் அடிவயிற்று வலியும் சேர்ந்து வரலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் விதையைக் காப்பாற்ற வாய்ப்பு மிக அதிகம். நேரம் செல்லச் செல்ல அது குறைந்துகொண்டே போகும். வெட்கப்பட்டு "வயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொல்லி, ஓம வாட்டரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடும் பையன் காலையில் எழும்போது காலம் கடந்திருக்கும்.

ஐந்தாம் படி: காதல், சம்மதம், மறுப்பு

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு யார் மீதாவது ஈர்ப்பு வருவது இயற்கை. அதை மறுத்துப் பேசுவதால் ஈர்ப்பு போய்விடாது, உங்களுக்குத் தெரிவது மட்டும் நின்றுபோகும். "யாரு அவன்? என்ன ஆளுங்க?" என்று விசாரணை தொடங்குவதைவிட, அந்த உறவின் தரத்தைப் பிள்ளையே எடைபோடும்படி கேட்பது பயன் தரும்: "நீ இன்னைக்குப் பேச முடியாதுன்னு சொன்னா அவன் என்ன சொல்லுவான்? உன் ஃபிரெண்ட்ஸோட நீ வெளிய போனா அவனுக்குப் பிடிக்குமா?" பாஸ்வேர்டு கேட்பது, யாரோடு பேசுகிறாய் என்று மணிக்கொரு முறை துருவுவது, விலக நினைத்தால் கையை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டுவது இவையெல்லாம் அன்பின் மிகுதி என்றே பிள்ளைகள் நம்புகிறார்கள். அது கட்டுப்பாடு என்று வீட்டில் ஒருவராவது சொல்ல வேண்டும்.

சம்மதம் என்பதைப் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொடுங்கள்: மௌனம் சம்மதம் அல்ல, பயந்து சொன்ன சரி சம்மதம் அல்ல, நேற்றுச் சொன்ன சரி இன்றைக்குச் செல்லாது. பின்னாலேயே சுற்றினால் பெண் மனம் மாறுவாள் என்று நம் திரைப்படங்கள் பல பத்தாண்டுகளாகப் பாடம் நடத்தி வந்திருக்கின்றன. 2022 அக்டோபரில் சென்னைப் பரங்கிமலை ரயில் நிலையத்தில், விலகிப்போன ஒரு கல்லூரி மாணவியை ஓர் இளைஞன் ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றான். மகன்களிடம் இந்த நிகழ்வைச் சொல்லி, "ஒரு பொண்ணு வேணாம்னு சொல்லிட்டா நீ என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள். பின்தொடர்வது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் சட்டத்துக்கு முன்பே, மறுக்கப்பட்டால் அழலாம், வீட்டில் சொல்லலாம், அதில் அவமானம் ஏதுமில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வயது பற்றிய சட்டத்தை மறைக்காமல் விளக்குவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான். அவர்களுடைய சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே அல்ல. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பிப் பழகினாலும், வழக்கு வந்தால் பையன் கைதாகலாம். இத்தகைய வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் கூறியிருந்தாலும், சட்டம் மாறவில்லை.

சாதியைப் பேசாமல் தமிழ்நாட்டில் காதலைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுதான். "நம்ம ஆளுங்களா" என்னும் கேள்வியைச் சிறு வயது முதல் கேட்டு வளரும் பிள்ளை, வேறு சாதிப் பையனோடு பழகினால் அதை உயிரே போனாலும் வீட்டில் சொல்லாது. அவனால் தொல்லை வந்தாலும் சொல்லாது. எந்தச் சாதியாக இருந்தாலும் உனக்கு ஆபத்து என்றால் நாங்கள் உன் பக்கம் என்று நேராகச் சொல்ல முடியாத பெற்றோர், இந்த வழிகாட்டியின் மற்றப் படிகளிலிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

மகனுக்கு ஆண் மீதோ மகளுக்குப் பெண் மீதோ ஈர்ப்பு இருப்பதாகச் சொன்னால், அது நோயல்ல. தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இது தொடர்பான வழக்கைப் புரிந்துகொள்ளத் தாமே மனநல ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகு, பாலின ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். "மாற்றித் தருகிறேன்" என்பவரிடமும் பூசாரியிடமும் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள்.

ஆறாம் படி: கைபேசி

ஆபாசக் காணொளியைப் பிள்ளை இதுவரை பார்த்ததில்லை என்று நம்புவதைவிட, பார்த்திருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. அதில் வருவது நடிப்பு, அந்த உடல்களும் நேர அளவும் வெட்டி ஒட்டப்பட்டவை, வலியும் மறுப்பும் அங்கே மறைக்கப்படுகின்றன என்று சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

அதைவிட அவசரமானது படங்களைப் பற்றிய பேச்சு. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் ஆடையற்ற படத்தை எடுப்பதும், வைத்திருப்பதும், அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் போக்சோவிலும் சிக்கவைக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததை வேடிக்கையாக முன்னனுப்பும் பையனும் இதில் அடங்குவான்.

2019இல் வெளிவந்த பொள்ளாச்சி வழக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெண்களை வரவழைத்து, காணொளி எடுத்து, அதைக் காட்டியே மிரட்டிய ஒன்பது பேருக்கும் கோவை நீதிமன்றம் 2025 மே 13 அன்று சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தக் கும்பலின் கையில் இருந்த ஆயுதம் காணொளி மட்டுமல்ல. வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற அந்தப் பெண்களின் பயமும்தான். ஆகவே ஒரு சிக்கலும் இல்லாத சாதாரண நாளிலேயே சொல்லிவையுங்கள்: "எவனாவது உன் போட்டோவை வெச்சு மிரட்டுனா, அந்தப் போட்டோ எப்படிப்பட்டதா இருந்தாலும் சரி, நீயே அனுப்பியிருந்தாலும் சரி, முதல்ல என்கிட்ட சொல்லு. உன்னைத் திட்ட மாட்டேன்." அப்படி ஒன்று நடந்துவிட்டால் பணம் கொடுக்கக் கூடாது, கெஞ்சக் கூடாது, உரையாடலை அழிக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கணக்கின் பெயரையும் இணைப்பையும் குறித்துக்கொண்டு, பிறகு தடை செய்துவிட்டு 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டபோது எடுத்த படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்னும் இலவச இணையச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்பாமலேயே அதன் எண்ம அடையாளத்தை மட்டும் எடுத்து, பங்கேற்கும் தளங்களுக்கு அது தெரிவிக்கிறது.

ஏழாம் படி: கர்ப்பம், கருத்தடை, தொற்று

முதல் உறவிலேயே கருத்தரிக்கலாம். முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளியாகக்கூடும் என்பதால், "இன்னும் வயதுக்கு வரவில்லையே" என்பதும் பாதுகாப்பல்ல. முத்தத்தாலும் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும் கருத்தரிக்காது. ஆணுறை கர்ப்பத்தோடு எச்.ஐ.வி. உள்ளிட்ட பல தொற்றுகளையும் தடுக்கிறது. கருத்தடை மாத்திரைகள் தொற்றைத் தடுக்காது. பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் எடுக்கும் அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு விரைவில் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமலேயே விற்கலாம் என்று சட்டம் அனுமதித்தும் தமிழ்நாட்டின் பல மருந்துக்கடைகள் அதை வைத்திருப்பதில்லை என்பதால், தேவைப்பட்டால் நேராக மகப்பேறு மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ போவதே உத்தமம். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் வழிநடத்திய ஆய்வில். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் இலவசப் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கின்றன.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றிக் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். 9 முதல் 14 வயதுக்குள் என்றால் இரண்டு தவணை போதும். 15க்கு மேல் மூன்று தவணை. ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். தடுப்பூசிக்குக் கூட்டிப்போகும் அந்தப் பயணமே இந்தப் படியின் பேச்சைத் தொடங்க நல்ல சாக்கு.

மகள் கருவுற்றுவிட்டாள் என்று தெரிந்தால் நாட்டு மருந்து, பப்பாளி, தெரிந்த நர்ஸ் என்று மறைவாக எதுவும் செய்யாதீர்கள். உயிர் போவது அங்கேதான். கருக்கலைப்புச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பாதுகாவலரின் சம்மதத்தோடு பதிவு பெற்ற மருத்துவர் கருக்கலைப்புச் செய்யலாம்; 2021 திருத்தத்தின்படி சிறுமியருக்கு 24 வாரம்வரை இடமுண்டு, 20 வாரத்தைத் தாண்டினால் இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தர வேண்டிய தகவல் அறிக்கையில் அவளுடைய அடையாளத்தை மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

எட்டாம் படி: பிள்ளை சொன்னால், அல்லது நீங்களே கண்டுபிடித்தால்

2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகக் கூறினர். ஆண் பிள்ளைகளும் அதே அளவுக்கு. செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். ஆகவே "தெரியாதவர்களிடம் ஜாக்கிரதை" என்பதோடு நிறுத்தாமல், மாமா, டியூஷன் ஆசிரியர், பக்கத்து வீட்டு அண்ணன் யாராக இருந்தாலும் உடம்பைத் தொட்டாலோ இதை யாரிடமும் சொல்லாதே என்றாலோ உடனே சொல்லலாம் என்று சொல்லிவைக்க வேண்டும். உறவினருக்கு முத்தம் கொடு, மடியில் போய் உட்கார் என்று பிள்ளையை வற்புறுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

பிள்ளை ஒருநாள் வந்து சொன்னால், உங்கள் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "சொன்னது ரொம்ப நல்லது. தப்பு உன் மேல இல்ல. இனி நாங்க பாத்துக்கறோம்." நீ ஏன் அங்கே போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை என்னும் கேள்விகள் அன்றைக்கு வேண்டாம். திரும்பத் திரும்பச் சொல்லவைக்காமல், சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அண்மையில் நடந்தது என்றால் குளிக்கவும் உடை மாற்றவும் விடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குடும்ப மானம் கருதி ஊர்ப் பெரியவர்கள் நடுவில் பேசி முடிப்பது சட்டப்படியும் தவறு, பிள்ளைக்கும் துரோகம்.

காதல் குறுஞ்செய்தியையோ, பையில் ஆணுறையையோ நீங்களே பார்த்துவிட்டால் வேறு வகை நிதானம் வேண்டும். அன்றிரவு எதுவும் கேட்காதீர்கள். கணவனும் மனைவியும் முதலில் பேசிக்கொள்ளுங்கள், கோபம் அடங்கியபின் ஒருவர் மட்டும் பேசுங்கள். கைபேசியைப் பிடுங்குவது, பள்ளியை நிறுத்துவது, அடிப்பது, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது ஆகிய நான்கும் நம் ஊரில் வழக்கமான எதிர்வினைகள். நான்காவது சட்டத்துக்கும் விரோதமானது; பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாமல் திருமணம் செய்ய 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அனுமதிப்பதில்லை. "நான் பாத்துட்டேன். எனக்குக் கோபமும் பயமும் இருக்கு, ஆனா முதல்ல நீ பத்திரமா இருக்கியான்னு தெரியணும்" என்று தொடங்கி, பதில் வரும்வரை காத்திருங்கள். இரண்டு நாள் பதில் வராமலும் போகலாம். பிள்ளை சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டு ஒடுங்கிக் கிடந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, தனியே விடாமல் 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே, எந்நேரமும், கட்டணமின்றிப் பேசுவார்கள். மருத்துவரிடம் அழைத்துப் போனால், ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே வந்து வராந்தாவில் உட்காருங்கள். திரும்பி வந்ததும் உள்ளே என்ன பேசினாய் என்று கேட்க வேண்டாம்.